1899 சுவானி: ஆறு நாளில் ஐந்து வெற்றியா, ஆபர்னை ஒரு புள்ளியில் தாண்டியதா? எது அந்த சீசனோட உயிர்?

#1 ஏலகிரி_வாசன்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்ல, பந்தைக் கையில வச்சுக்கிட்டு ஓடுற ஆட்டம்) வரலாறுன்னாலே நாம மிச்சிகன், யேல், நோட்ரே டேம்னு பெரிய பேர்களோட நின்னுடுறோம். டென்னசியில கம்பர்லாந்து பீடபூமி மேல சுவானின்னு ஒரு சின்ன ஊர். அங்க எபிஸ்கோபல் திருச்சபையோட கல்லூரி ஒண்ணு, யூனிவர்சிட்டி ஆஃப் த சவுத். அப்போ படிச்சது சில நூறு பேர்தான். 1899ல இவங்க ஆடினது 12 ஆட்டம், ஜெயிச்சதும் 12. எடுத்தது 322 புள்ளி, விட்டது வெறும் 10. தென் மாநிலக் கல்லூரிகளோட சங்கமான எஸ்.ஐ.ஏ.ஏ. பட்டம் இவங்களுக்குத்தான்.

இந்த அணியைப் பத்தி யார் எழுதினாலும் நவம்பர் மாச ரயில் பயணத்தைத்தான் எழுதுவாங்க. 9ஆம் தேதி வியாழக்கிழமை ஆஸ்டின்ல டெக்சாஸை 12-0. மறுநாள் ஹூஸ்டன்ல டெக்சாஸ் ஏ அண்ட் எம்மை 10-0. சனிக்கிழமை நியூ ஆர்லியன்ஸ்ல டுலேனை 23-0. ஞாயிறு ஓய்வு. திங்கள் பேட்டன் ரூஜ்ல எல்.எஸ்.யு.வை (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 34-0. செவ்வாய் மெம்ஃபிஸ்ல ஓல் மிஸ்ஸை (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) 12-0. மொத்தம் 91-0. சுத்தின தூரம் ஏறக்குறைய 2,500 மைல், அதாவது 4,000 கிலோமீட்டர்.

என் கட்சி வேற. அந்த சீசனோட உயிர் இருக்கிறது நவம்பர் 30, மாண்ட்கமரியில. எதிர்ல ஆபர்ன், அலபாமாவுல இருக்கிற கல்லூரி. அவங்க பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இன்னிக்கு சிறந்த கல்லூரி வீரருக்குக் கொடுக்கிற கோப்பைக்கு இவர் பேருதான். அந்த வருஷம் சுவானிக்கு எதிரா புள்ளி எடுத்த ஒரே அணி ஆபர்ன். முடிவு 11-10. ஜெயிச்சுப் பழகினவன் தோற்கிற நிலைக்கு வந்து நிக்கும்போது என்ன செய்றான்னு பார்த்தாதான் அவன் யாருன்னு தெரியும். மத்த 11 ஆட்டத்துல அந்த அணிக்கு அப்படி ஒரு சோதனையே வரல. நீங்க என்ன சொல்றீங்க?

#2 மதுரை_மைதானம்

வாசன் அண்ணா, இழை திறந்ததுக்கு நன்றி. ஆனா உங்க கட்சியோட என்னால ஒத்துப்போக முடியல.

ஆஸ்டின்ல இருந்து ஹூஸ்டன் சுமார் 265 கிலோமீட்டர். ஹூஸ்டன்ல இருந்து நியூ ஆர்லியன்ஸ் 550க்கு மேல. பேட்டன் ரூஜ்ல இருந்து மெம்ஃபிஸ் அதையும் தாண்டும். நீராவி ரயில். மத்தியானம் அடி வாங்கிட்டு ராத்திரி பெர்த்துல படுத்து, காலையில வேற ஊர்ல இறங்கி, மறுபடி அதே காலோட மைதானத்துக்குப் போகணும். அங்க காத்திருக்கிறவன் முந்தின நாள் ஆடாத புதுசு. இப்படி ஒரு தடவை இல்ல, அஞ்சு தடவை. ஒரு புள்ளி கூட விடல. இதை இன்னிக்கு வரைக்கும் யாராவது திருப்பிச் செஞ்சிருக்காங்களா? ஒரு புள்ளியில ஜெயிச்ச ஆட்டம் ஒவ்வொரு சீசன்லயும் நூறு நடக்குது.

#3 குறுக்கே_ஒரு_கேள்வி

இந்த ஆட்டத்தோட விதிமுறை தெரியாதவன் கேக்குறேன். 12, 10, 23, 34, 11ன்னு வர்ற புள்ளிக் கணக்கு இப்போ பார்க்கிற ஆட்டத்தோட பொருந்தலையே. அப்போ எப்படி எண்ணினாங்க?

#4 கோடு_தாண்டி

நல்ல கேள்வி. இது தெரிஞ்சாதான் 11-10ங்கிற எண்ணிக்கையோட கனம் புரியும்.

1899ல டச்டவுனுக்கு, அதாவது எதிரணி கோல் கோட்டுக்கு அப்பால பந்தைக் கொண்டுபோய்த் தரையில வச்சா, 5 புள்ளி. அதுக்கப்புறம் உதைச்சு கோல் போட்டா 1. ஃபீல்ட் கோலுக்கும், அதாவது ஆட்டத்துக்கு நடுவுல உதைச்சுக் கோல் போட்டாலும், 5. பந்து வச்சிருக்கிறவனை அவன் சொந்தக் கோல் கோட்டுக்குப் பின்னாலயே மடக்கிட்டா அது சேஃப்டி, அதுக்கு 2. மூணு முயற்சியில 5 கெஜம் நகரணும். மைதானம் 110 கெஜம். முன்னோக்கி வீசுற பாஸ் கிடையவே கிடையாது, அது 1906லதான் வந்துச்சு. வெளியே போன ஆள் மறுபடி உள்ளே வர முடியாது. தாக்குறதும் தடுக்கிறதும் அதே 11 பேர். பந்து வச்சிருக்கிறவனை அவன் ஆளுங்களே பின்னால இருந்து தள்ளலாம், முன்னால இருந்து இழுக்கலாம். சில அணிகள்ல பிடிச்சு இழுக்கிறதுக்குன்னே கால்சட்டையில தோல் பிடி தைச்சிருப்பாங்க. கபடியில சிக்கின ஆளை ஏழு பேரும் சேர்ந்து அமுக்குவாங்க இல்லையா, அந்தக் குவியல் ஒவ்வொரு முயற்சிக்கும் நடக்குதுன்னு நினைச்சுக்குங்க.

அந்த ஒத்தைப் புள்ளியைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன். இப்போ மாதிரி நேர் எதிர்ல வச்சு உதைக்கிற சௌகரியம் அப்போ இல்ல. டச்டவுன் எந்த இடத்துல தரையைத் தொட்டுச்சோ, அந்த இடத்துக்கு நேரா பந்தைப் பின்னால கொண்டுவந்து உதைக்கணும். மூலையில போய் விழுந்தா கோணம் செத்துப்போச்சு. அப்போ வேற வழி ஒண்ணு இருந்துச்சு. ஒருத்தன் கோல் கோட்டுக்குப் பின்னால இருந்து பந்தை மைதானத்துக்குள்ள உதைப்பான், அவன் அணி ஆளே அதைத் தடையில்லாம கையில பிடிக்கணும், பிடிச்ச இடத்துல இருந்து கோலுக்கு முயற்சி. பிடி நழுவினா முயற்சியே போச்சு. சரியா அமைஞ்சாலும் ஒருத்தன் தரையில குப்புறப் படுத்து பந்தைப் பிடிச்சுக்குவான், இன்னொருத்தன் உதைப்பான். பந்தும் இப்போ இருக்கிறதைவிட உருண்டை. ஆபர்ன்கிட்ட 10, சுவானிகிட்ட 11ன்னா, ரெண்டு அணிக்கும் நடுவுல இருந்தது இப்படிப்பட்ட ஒரு உதை. வாசன் அண்ணா சொல்றதுல எனக்கு முழு உடன்பாடு.

#5 நாஷ்வில்_நளினி

நான் இந்தப் பக்கம்தான் இருக்கேன். நாஷ்வில்ல இருந்து சட்டனூகா போற ஐ-24 சாலையில மாண்ட்டீகிள் ஏத்தம் ஒண்ணு வரும், லாரிகள் எல்லாம் முக்கி முக்கி ஏறும். மேல ஏறிக் கொஞ்சம் உள்ளே போனா சுவானி. மணற்கல் கட்டடங்கள், காடு, செங்குத்தா விழுற பள்ளத்தாக்கு. இவ்வளவு சின்ன இடத்துல இருந்து அப்படி ஒரு அணி வந்ததான்னு முதல்ல நம்பவே தோணாது.

யாரும் தொடாத ஒரு விஷயம்: இப்படிப் பைத்தியக்காரத்தனமா அட்டவணை போட்டது ஏன்? காரணம் பணம். பக்கத்து நாஷ்வில்ல இருக்கிற வாண்டர்பில்ட்தான் சுவானியோட பரம எதிரி. அந்த ஆட்டத்துக்கு வர்ற டிக்கெட் வசூல்தான் பெரிய வருமானம். அந்த வசூலைப் பங்கு போடுறதுல தகராறு வந்து ஆட்டமே நின்னுபோச்சு. மேனேஜர் லூக் லீ, அவரும் மாணவர்தான், இருபது வயசு. விட்ட வருமானத்தைப் பிடிக்க, ஒரே பயணத்துல எத்தனை ஊர்ல வசூல் பண்ண முடியுமோ அத்தனையும் கோத்துட்டார். அதனால அந்த ஆறு நாளைப் பார்க்கும்போது எனக்கு முதல்ல கண்ணுல படுறது லூக் லீதான். ரயில்வேகிட்ட பேசி, அஞ்சு கல்லூரிகிட்ட பேசி, தந்தியிலயே எல்லாத்தையும் முடிச்ச ஒரு மாணவன்.

#6 மதுரை_மைதானம்

நளினி அக்கா, லூக் லீ பேரை எடுத்ததுக்கு நன்றி. அவரோட மிச்ச வாழ்க்கையே தனி வரலாறு. 1907ல டென்னசியன் பத்திரிகையை ஆரம்பிச்சார். 1911ல இருந்து 1917 வரைக்கும் அமெரிக்க செனட்டர். முதல் உலகப்போர் முடிஞ்ச கையோட, 1919 ஜனவரியில, ஹாலந்துல தஞ்சம் புகுந்திருந்த ஜெர்மன் கைசரைத் தூக்கிட்டு வர சில ஆட்களோட காரை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். அந்த மாளிகைக்குள்ளயே நுழைஞ்சும் காரியம் ஆகல. பின்னால வங்கி வழக்கொண்ணுல சிறைக்கும் போனார், அப்புறம் மன்னிப்பு கிடைச்சது.

இப்படிப்பட்ட ஆள் இருபது வயசுல ஆறு நாளைக்கு அஞ்சு ஆட்டம் போட்டார்னா ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. அந்தப் பயணத்தைப் பத்தி சுவானியில தலைமுறை தலைமுறையா சொல்ற கதை ரெண்டு. ஊர் ஊற்றுத் தண்ணியைப் பீப்பாயில நிரப்பி ரயில்ல ஏத்திக்கிட்டாங்க, வெளியூர்த் தண்ணியால வயிறு கெட்டுடக் கூடாதுன்னு. இன்னொண்ணு, ஆட்டக்காரங்களோட ஷூவையெல்லாம் ஸ்டேஷன்லயே விட்டுட்டுப் போயிட்டாங்க, லூக் லீ தந்தி அடிச்சு அடுத்த ரயில்ல வரவழைச்சார்.

#7 எலும்பும்_தசையும்

நான் பிசியோதெரபிஸ்ட். நண்பர்கள் எல்லாரும் புள்ளியையும் மைலையும் எண்ணுறீங்க. நான் உடம்பை எண்ணுறேன்.

ஹெல்மெட் போடுறது அன்னிக்கு வழக்கத்துக்கே வரல. தலைமுடியை நீளமா வளர்த்துக்குவாங்க, அதுதான் தலைக்குப் பாதுகாப்பு. மூக்குக்கு ரப்பர் கவசம், கால்ல கொஞ்சம் பஞ்சு வச்சுத் தைச்ச துணி. கேப்டன் ஹென்றி சைபல்ஸுக்கு டெக்சாஸ் ஆட்டத்துல, அதாவது பயணத்தோட முதல் ஆட்டத்துலயே, தலை பிளந்துபோச்சு. கட்டுப் போட்டுக்கிட்டு தொடர்ந்து ஆடினார். அந்த ஆட்டத்தோட ரெண்டு டச்டவுனும் அவருடையதுதான். அதோட மறுநாளும் ஆடப் போனார். இன்னிக்கு என் கிளினிக்குக்கு அப்படி ஒரு பையன் வந்தா ஒரு மாசத்துக்கு மைதானப் பக்கமே போகாதேன்னு சொல்வேன். மூளை அதிர்ச்சின்னு ஒண்ணு இருக்கிறதே அன்னிக்கு யாரும் கணக்குல எடுக்கல.

இன்னொருத்தர் ஃபுல்பேக் ஆர்மண்ட் சிம்கின்ஸ். குவியலுக்குள்ள தலையைக் கொடுத்து இடிக்கிறதும் பந்தை உதைக்கிறதும் அவர் வேலை. முழங்கால் ரெண்டும் அடிபட்டு அடிபட்டு, பிற்காலத்துல ரெண்டு காலையும் எடுக்க வேண்டியதாப் போச்சு. இந்த சீசனைக் கொண்டாடுறவங்க இந்த ஒரு வரியையும் சேர்த்தே எழுதணும்னு ரொம்ப நாளா எனக்கு ஆதங்கம். ஓய்வே இல்லாம ஒரே மூட்டுல திரும்பத் திரும்ப அடி விழுந்தா என்ன ஆகும்னு தினமும் பார்க்கிறவன் நான்.

#8 பனங்காடு

டாக்டர் தம்பி சொன்னது மனசைப் பிசையுது. அந்தக் காலத்துல சாவும் நடந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னால, 1897 அக்டோபர்ல, அட்லாண்டாவுல வர்ஜீனியாவுக்கு எதிரா ஆடின ஜார்ஜியா வீரர் வான் கேமன் தலையில அடிபட்டு இறந்துட்டார். ஜார்ஜியா சட்டசபை ஆட்டத்தையே தடை பண்ணித் தீர்மானம் போட்டுச்சு. என் மகன் உயிரா நேசிச்ச ஆட்டத்தை அவன் பேரைச் சொல்லி நிறுத்திடாதீங்கன்னு பெத்த தாயே எழுதினதால ஆளுநர் அதுல கையெழுத்துப் போடல. சுவானி 1899 சீசனைத் தொடங்கினது அதே அட்லாண்டாவுல, அதே ஜார்ஜியாவுக்கு எதிரா, அக்டோபர் 21. 12-0. ஒரு நாள் விட்டு 23ஆம் தேதி ஜார்ஜியா டெக், 32-0. ஆக, அடுத்தடுத்து ஆடுறது நவம்பர்ல புதுசா வந்த பழக்கம் இல்ல.

1905ல ஒரே சீசன்ல இன்னும் பலர் இறந்து, அதிபர் ரூஸ்வெல்ட்டே பெரிய கல்லூரிக்காரங்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினப்புறம்தான் விதிகள் மாறுச்சு.

#9 ஏலகிரி_வாசன்

பனங்காடு ஐயா, அட்லாண்டா விஷயம் இந்த இழைக்கு ரொம்பத் தேவையானது.

எலும்பும்_தசையும் நண்பரே, நீங்க சொன்னதையொட்டி ஒருத்தர் பேரை இங்க வைக்கணும். கேல் பரோஸ். அணியோட போன கறுப்பினத்தவர். வீரர்களோட உடம்பைத் தேய்ச்சுவிட்டு, கட்டுப் போட்டு, மறுநாள் எழுந்து நிக்க வைக்கிறதுதான் அவர் வேலை. அடிமைகளை வச்சிருந்த பிஷப்புகளும் தோட்ட முதலாளிகளும் 1857ல சேர்ந்து தொடங்கின கல்லூரி அது. நிறுவினவங்கள்ல ஒருத்தரான லியோனிடாஸ் போல்க் அமெரிக்க உள்நாட்டுப் போர்ல தென் தரப்புப் படையில ஜெனரலா இருந்து போர்க்களத்துல செத்தவர். அந்தக் கல்லூரியில கேல் பரோஸ் மாணவரா நுழைய முடியாது, ஆட்டக்காரரா இறங்க முடியாது. ஆனா அவர் கை இல்லாம அந்த ஆறு நாள் இல்ல. பயிற்சியாளர் பில்லி சூட்டர், பிரின்ஸ்டன்ல ஆடினவர், அவர் பேரு எல்லா இடத்துலயும் வருது. பரோஸ் பேரும் அதே வரியில வரணும்.

#10 ஆனார்பர்_அன்பு

எல்லாருக்கும் வணக்கம். இந்த இழையில ஒரு மாற்றுக் குரல் பதிவாகணும்னு நினைக்கிறேன். அந்தக் காலத்துல ஆகச்சிறந்த சீசன்னா அது 1901 மிச்சிகன். பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்டுக்கு அங்க முதல் வருஷம். 11 ஆட்டம், 11 வெற்றி, 550-0. பஃபலோவை 128-0. ரோஸ் பௌல்ங்கிற புத்தாண்டு ஆட்டம் முதல் தடவை நடந்தது 1902 ஜனவரி 1, பாசடீனாவுல ஸ்டான்ஃபோர்டை 49-0. நேரம் மிச்சம் இருக்கும்போதே போதும்னு ஸ்டான்ஃபோர்ட் கைவிட்டுட்டாங்க. மிச்சிகனோட நீல் ஸ்னோ அந்த ஒரு ஆட்டத்துல மட்டும் அஞ்சு டச்டவுன். சுவானி 10 புள்ளி விட்டாங்க, மிச்சிகன் சுழியம்.

இன்னொண்ணு, 1899க்குத் தேசிய சாம்பியன்னு பின்னாடி கணக்குப் போட்டவங்க ஹார்வர்டைச் சொல்றாங்க, சிலர் பிரின்ஸ்டனைச் சொல்றாங்க. சுவானியை யாரும் சொல்லல.

#11 கோடு_தாண்டி

அன்பு, மிச்சிகனோட பெருமையை யாரும் குறைக்கல. ஆனா அவங்க ஆன் ஆர்பர்ல சொந்த மைதானத்துல பல ஆட்டம் ஆடினவங்க. சுவானி 12ல சொந்த ஊர்ல ஆடினது மூணுதான்: டென்னசி 46-0, சவுத்வெஸ்டர்ன் பிரஸ்பிட்டேரியன் 54-0, கம்பர்லாந்து 71-0. மிச்சது பூரா பிறத்தியார் ஊர்.

ஹார்வர்ட் 1899ல 10 வெற்றி, யேலோட 0-0 சமன். பிரின்ஸ்டன் ஒரு தோல்வி. ஒரு சமனும் ஒரு தோல்வியும் இல்லாம 12 ஆட்டம் ஜெயிச்ச அணியை விட்டுட்டு இவங்களைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம், அன்னிக்கு ஃபுட்பால் எழுத்து பூரா கிழக்குக் கடற்கரையில இருந்ததுதான். தெற்குல ஆடுறதை அவங்க ஆட்டமாவே மதிக்கல. ஹார்வர்டும் சுவானியும் மோதியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அடிச்சு சொல்ல முடியாது, ஹார்வர்ட் எடையும் ஆள்பலமும் கூடுதல். ஆனா பட்டியல்லயே பேர் வராதது அநியாயம்.

#12 மதுரை_மைதானம்

"ஏழாம் நாள் ஓய்வெடுத்தார்கள்"னு இந்த அணியைப் பத்தி ஒரு வாசகம் சுத்துது. கேக்க நல்லா இருக்கு. ஆனா ஓய்வு வந்தது நாலாம் நாள், ஞாயித்துக்கிழமை. திருச்சபைக் கல்லூரி, அன்னிக்கு ஆட்டம் கிடையாது. அந்த ஓய்வுக்கு அடுத்த நாள்தான் எல்.எஸ்.யு.வை 34-0, அஞ்சுல பெரிய வெற்றி அதுதான். ஒரு நாள் கிடைச்சா அந்த உடம்புகள் என்ன செஞ்சிருக்கும்னு அதுல தெரியுது. செவ்வாய்க்கிழமை மறுபடி 12க்கு இறங்கிடுச்சு. எண்களே களைப்பைச் சொல்லுது. அந்தக் களைப்புலயும் ஒருத்தனையும் கோட்டைத் தாண்ட விடல. வாசன் அண்ணா, இந்தத் தற்காப்புக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க?

#13 ஏலகிரி_வாசன்

நியாயமான கேள்வி. நேரா பதில் சொல்றேன்.

அந்தப் பயணத்துல சுவானி ஒரு தடவைகூட பின்தங்கல. எதிரணி புள்ளியே எடுக்காதப்போ பின்தங்க முடியாது. களைப்பு இருந்துச்சு, வலி இருந்துச்சு, ஆனா கைவிட்டுப்போகுதுங்கிற பயம் இல்ல. ஆபர்ன் அந்தப் பயத்தைக் கொண்டுவந்துச்சு. ஹைஸ்மன் அந்தக் காலத்துக்கு ரொம்ப முன்னால யோசிச்சவர். ஒரு முயற்சி முடிஞ்சு எதிரணி எழுந்து நிக்கிறதுக்குள்ள அடுத்ததைத் தொடங்கிடுற வேகம். கனமான குவியலுக்குப் பழகின சுவானி அன்னிக்குத் திணறிப்போச்சு. அன்னிக்கு ஆபர்ன்தான் நல்லா ஆடினாங்கன்னு சொல்றவங்களும் உண்டு. நடுவர் தீர்ப்பு பிடிக்காம ஹைஸ்மன் பத்திரிகைக்கே எழுதித் தகராறு பண்ணினார். எதிரணிப் பயிற்சியாளர் இவ்வளவு கொதிக்கிறார்னா அது எவ்வளவு நெருக்கமான ஆட்டம்னு பாருங்க.

இதோட முடியல. அது வியாழக்கிழமை, நன்றி நவிலும் நாள். ஒரு நாள் விட்டு சனிக்கிழமை, டிசம்பர் 2, அட்லாண்டாவுல வட கரோலினா. ஆபர்ன்கிட்ட அடிச்சுப்பிடிச்சு மீண்ட அதே உடம்போட போய் 5-0. 12 ஆட்டத்துல ரொம்பக் குறைஞ்ச புள்ளி எடுத்தது அதுலதான். கால்ல வலுவில்லாதப்போ எதிரணியைச் சுழியத்துல நிறுத்தி, கிடைச்ச ஒரே வாய்ப்பைப் புள்ளியாக்கி பட்டத்தோட ஊர் திரும்பினாங்க. மூணு நாளுக்குள்ள 11-10, 5-0. என் கணக்குல இந்த ரெண்டும் அந்த அஞ்சுக்கு மேல.

#14 குறுக்கே_ஒரு_கேள்வி

இவ்வளவு பெரிய அணி அப்புறம் எங்க போச்சு? இப்போ அலபாமா, ஜார்ஜியா, எல்.எஸ்.யு. பேர்லாம் கேக்குது. சுவானி பேரே கேக்கலையே?

#15 நாஷ்வில்_நளினி

1932ல எஸ்.இ.சி.ன்னு தென்கிழக்குக் கல்லூரிகளோட புதுக் கூட்டமைப்பு தொடங்கினப்போ சுவானியும் நிறுவன உறுப்பினர். ஆனா அதுக்குள்ள ஃபுட்பால் பெரும்பணமா மாறிடுச்சு. பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரங்களுக்கு உதவித்தொகை கொடுத்துச் சேர்த்தாங்க. சில நூறு மாணவர் கல்லூரி எப்படி ஈடு கொடுக்கும்? எஸ்.இ.சி. ஆட்டம் 37 ஆடி 37லயும் தோல்வி. 1940ல விலகிட்டாங்க. துணைவேந்தர் அலெக்சாண்டர் கெரி, ஆட்டம் மாணவர்களுக்காக இருக்கணும், வசூலுக்காக இல்லன்னு உறுதியா நின்னார். இப்போ மூன்றாம் பிரிவுல ஆடுறாங்க, விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. வகுப்புக்குப் போற பசங்கதான் சனிக்கிழமை ஆடுறாங்க.

எனக்கு இதுல வருத்தம் இல்ல, மரியாதைதான். டிக்கெட் வசூலுக்காக உடம்பைப் பணயம் வச்ச 1899 பசங்களை நினைச்சா, சிம்கின்ஸோட காலை நினைச்சா, அந்தக் கல்லூரி இந்த முடிவுக்கு வந்தது சரின்னு படுது.

#16 பனங்காடு

நளினிம்மா, விலகினது சரிதான். ஆனா 37 தோல்வி வரைக்கும் ஏன் காத்திருந்தாங்க? எட்டு வருஷமா அந்தப் பசங்க அடி வாங்கினாங்களே. பழைய பேரை விட மனசு வரல. 1899 அவங்களுக்குப் பெருமை மட்டுமில்ல, பாரமும் ஆயிடுச்சு.

#17 எலும்பும்_தசையும்

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழியறேன். கேப்டன் சைபல்ஸ் கல்லூரி ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்கார். சிம்கின்ஸையும் அதே அளவுக்கு நினைக்கணும்ங்கிறது என் கோரிக்கை.

#18 கோடு_தாண்டி

ஒரு இணைப்பு விட்டுப்போச்சு. சுவானி 71-0ல ஜெயிச்ச அதே கம்பர்லாந்தைத்தான் 1916 அக்டோபர் 7ஆம் தேதி ஜார்ஜியா டெக் 222-0ன்னு அடிச்சது. ஜார்ஜியா டெக்குக்கு அப்போ பயிற்சியாளர் யாருன்னா, மாண்ட்கமரியில ஒரு புள்ளியில தோத்த இதே ஹைஸ்மன். அந்த ஆட்டத்துக்குப் பின்னால ஒரு பேஸ்பால் பகை இருக்கு. அதுக்குத் தனி இழை திறக்கிறேன், ஹைஸ்மன் பத்தின வாதத்தை அங்க வச்சுக்கலாம்.